முள்ளம்பன்றியும் சிவப்பு வளையமும்

ஒரு காட்டில், டவர் இருந்தும் சிக்னல் வந்து வந்து போகும் சரிவு ஒன்றில், முள்ளம்பன்றி ஒன்று குடியிருந்தது. இருபது வருஷம் வெளிநாட்டுக் காட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. வந்த நாளிலிருந்து எல்லோரும் அதனிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "எப்ப திரும்பிப் போறீங்க?" அதற்குமேல் பேச்சு வளரவில்லை.

ஆகவே அது பரீட்சை எழுதி அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கியது. இரண்டு மருத மரங்களுக்கு நடுவே ஏரியல் கம்பி கட்டியது. பேசவும் கேட்கவும் கூடிய பழைய ஏ.எம். செட்டை வைத்துக்கொண்டு தினமும் சாயங்காலம், "யாராவது கேட்கிறீர்களா?" என்று உலகத்தை விசாரித்தது. உலகம் வாய் திறக்கவில்லை. சும்மா இருப்பானேன் என்று தன் முழங்கால் வலி, வெளிநாட்டில் தன்னை மேய்த்த சிங்க மேனேஜரிடம் லீவு கேட்ட கதை, இங்கே மழை பெய்யும் லட்சணம் என்று அதுவே பேசிக்கொண்டிருந்தது. உடம்பு முழுக்க ஏரியலோடு பிறந்தும் ஒரு குரலைக்கூடப் பிடிக்க முடியாத பிராணி உலகத்தில் தான் ஒன்றுதான் என்று நினைத்து அதற்கே சிரிப்பு வரும்.

ஒருநாள், சரிவின் அடியில் டீக்கடை வைத்திருக்கும் கரடி மூச்சு வாங்க ஏறி வந்தது.

"யோவ், என் ஸ்பீக்கர்ல பாட்டு ஓடிட்டிருக்கு. நடுவுல நீ வந்து முழங்கால் வலிக்குதுங்கற."

"வானத்துக்குப் போக வேண்டிய பேச்சு அண்ணே. கொஞ்சம் கம்பிக்குப் போற கேபிளோட வெளிப்பக்கமா வழிஞ்சு கீழ வந்துடுது."

"வழியறத நிறுத்து. வெள்ளிக்கிழமைக்குள்ள நிக்கலன்னா யானைகிட்ட சொல்லிடுவேன். அது கம்பியை மட்டும் உருவாது, மரத்தோட உருவும்."

கம்பி போனால் பேச வேறு வழியே இல்லை. முள்ளம்பன்றிக்கு அன்று கிழங்கு இறங்கவில்லை. கேபிளை ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான ஒரு வளையத்துக்குள் பல சுற்றுச் சுற்றினால் சோக் ஆகும்; வழிகிற பேச்சை அது அங்கேயே மடக்கிவிடும். இவ்வளவு தெரியும். ஃபெரைட்டில் பல கலவைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்; எது என்பதுதான் தெரியாது. ரேடியோக்கார ஆந்தைகளின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டது.

"உன் அலைவரிசைக்கு முப்பத்தொன்றாம் கலவை," என்றது ஓர் ஆந்தை.

"நாற்பத்து மூன்று. அளந்து பார்க்காதவர்கள் பேசக் கூடாது," என்றது இன்னொன்று.

மூன்றாவது ஆந்தை தாமரைப் படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னது. முதல் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் குழுவை விட்டு வெளியேறின.

முள்ளம்பன்றி, பழைய சாமான் விற்கும் பெருச்சாளியிடம் போயிற்று. குவியலில் சாம்பல் நிற வளையங்கள் பேரோ எண்ணோ இல்லாமல் கிடந்தன. ஒன்று மட்டும் பளபளவென்று சிவப்பு.

"எல்லாம் ஒண்ணுதான் சார். வளையம்னா வளையம்," என்றது பெருச்சாளி.

படித்த முள்ளம்பன்றி சிவப்பை எடுத்தது. இவ்வளவு அக்கறையாக வெளியே பெயிண்ட் அடித்தவன் உள்ளே மட்டும் மோசம் செய்வானா என்பது அதன் தர்க்கம்.

அது ஃபெரைட்டே இல்லை, இரும்புத்தூள் வளையம். ட்யூனிங் காயிலுக்கு ஆகும், எதையும் மடக்காது. தன் சிவப்பு வளையத்தின் அழகைப் பற்றி அன்று சாயங்காலம் அது ஆற்றிய உரை முழுசாக டீக்கடையில் ஒலித்தது. மறுநாள் கரடி கேட்டது: "வளையல் போட்டாச்சு. வளைகாப்பு எப்போ?"

அவமானத்தில் சாம்பல் வளையங்கள் அத்தனையையும் அள்ளி வந்து, ஒவ்வொன்றிலும் கேபிளைச் சுற்றி மீட்டர் வைத்துப் பார்த்தது. வியாழக்கிழமை, ஓரம் உடைந்த, பார்க்கச் சகிக்காத ஒன்று தேறியது. முப்பத்தொன்றேதான். அன்று மாலை ஸ்பீக்கரில் ஒரு கீச்சுக்கூட வரவில்லை. முள்ளம்பன்றி பெருமிதத்தோடு உலகத்திடம் நெடுநேரம் பேசியது. உலகம் வழக்கம்போல இருந்தது.

வெள்ளிக்கிழமை, பாராட்டு வாங்கிக்கொள்ள டீக்கடைக்கு இறங்கியது. அவரவர் டீயை ஊதிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பெஞ்சிலிருந்த மந்தி கேட்டது: "ஏங்க, அந்தச் சிங்க மேனேஜர் லீவு குடுத்தாரா இல்லியா?"

"நேத்து சொன்னேனே," என்றது முள்ளம்பன்றி.

"யாருகிட்ட?"

முள்ளம்பன்றி வானத்தைக் காட்டியது.

கரடி டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னது: "நேத்துதான் பாட்டை முழுசாக் கேட்டோம். இவ்ளோ மோசமான பாட்டுன்னு இத்தனை நாள் தெரியல. அந்தச் சிவப்பு வளையல் இன்னும் இருக்கா?"

"இருக்கு. யானை?"

"அதை நான் பாத்துக்கறேன். அதுக்கும் முழங்கால் வலிதான். நீ என்ன தைலம் தடவறேன்னு கேட்டுச்சு."

அன்று சாயங்காலம் முள்ளம்பன்றி சாம்பல் வளையத்தைக் கழற்றிவிட்டுச் சிவப்பை மாட்டியது. குழுவில் படம் போட்டது. வெளியேறியிருந்த ஆந்தைகள் இரண்டும் திரும்பி வந்து, முதல்முறையாக ஒற்றுமையாக, அது தப்பு வளையம் என்றன. "அளந்து பார்த்துத்தான் போட்டேன்," என்று பதில் எழுதிவிட்டு மைக்கை எடுத்தது.

"யாராவது கேட்கிறீர்களா?"

ரேடியோவில் ஒன்றும் வரவில்லை. சரிவின் அடியிலிருந்து கரடியின் குரல் வந்தது.

"கேக்குது, கேக்குது. லீவு குடுத்தானா இல்லியா, அதைச் சொல்லு."

நீதி: ஃபெரைட் வளையத்தை ஒருபோதும் சரியாகத் தேர்ந்தெடுக்காதே, அப்புறம் உன் பேச்சைக் கேட்க உலகம் மட்டும்தான் இருக்கும்.