அதோ, அந்தக் கல்லுக்குப் பின்னால்!

மனிதர்களில் பார்க்கிறவர்கள் என்று ஓர் இனமும், காட்டுகிறவர்கள் என்று ஓர் இனமும் உண்டு. முதல் இனத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வருவார்கள், பார்ப்பார்கள், போவார்கள். நாம் இங்கே பேசப்போவது இரண்டாவது இனத்தைப் பற்றி. ஒரு பொருள் தன் கண்ணில் பட்டால் மட்டும் இவர்களுக்குப் போதாது. அதை இன்னொருவர் கண்ணிலும் படவைத்து, பட்டதா என்று கேட்டு, பட்டது என்று அவர் வாயால் சொல்லவும் வைத்தால்தான் இவர்களுக்குச் சாப்பாடு இறங்கும்.

நீங்கள் இவர்களைச் சந்திக்காமல் இருந்திருக்க முடியாது. ரயிலில் நீங்கள் பாட்டுக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறீர்கள். எதிர் இருக்கைக்காரர் உங்கள் முழங்காலைத் தட்டி, "அதோ பாருங்க, பாலம்!" என்பார். நீங்கள் பாலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இப்போது அவருடைய விரலைப் பார்க்கிறீர்கள். விரல் விலகும்போது பாலம் போய்விட்டிருக்கும். டிவியில் படம் பார்க்க உட்கார்ந்தால், "இப்பப் பாரு, இப்பப் பாரு, இந்தக் கதவைத் திறக்கிறான் பாரு, இவன்தான் கொலைகாரன்" என்று சொல்லி, இரண்டு மணி நேரப் படத்தை இருபது நிமிஷத்தில் முடித்துக்கொடுக்கும் புண்ணியவானும் இவரேதான்.

இந்த இனம் எங்கே மிகச் செழிப்பாக வளரும் தெரியுமா? பெரிய நகரத்தின் நடுவில், குளிர்சாதனம் போட்ட இருட்டுக் கட்டடத்துக்குள், கடலைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துக் கண்ணாடிக்குப் பின்னால் அடைத்து வைத்திருக்கிறார்களே, அந்த மீன் காட்சியகத்தில்தான். இருட்டாக இருப்பதால் கேட்கிறவர் கொட்டாவி விடுவது தெரியாது. வழி ஒரே வழி என்பதால் தப்பித்துப் போகவும் முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மீன் மறுத்துப் பேசாது.

என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், இந்த இனத்தில் முதல் தரம். குடிநீர் வாரியத்தில் பம்பு ஹவுஸ் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு மீனைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் தண்ணீரைப் பற்றித் தெரியும். மீன் தண்ணீருக்குள்தானே இருக்கிறது? எனவே நாங்கள் மூவரும் அந்த நகரத்துக்குச் சுற்றிப் பார்க்கப் போனபோது, மீன் காட்சியகத்தின் வாசலில் நுழைவுச் சீட்டுக் கிழிக்கும் நிமிஷத்திலேயே அவர் குரலைச் செருமிச் சரிசெய்துகொண்டுவிட்டார்.

அக்காவுக்கு அந்த ஊரிலேயே பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் தையல் கடை வைத்திருக்கிறாள். கடைக்கு வரும் அம்மாள் ஒருத்தி தன் போனில் ஒரு வீடியோ காட்டியிருக்கிறாள்: ஒரு பெரிய திருக்கை மீன், அகலம் ஒரு கட்டில் இருக்கும், முக்குளித்து நிற்கும் ஆளின் கையிலிருந்து வாங்கிச் சாப்பிடுகிறது. அன்றிலிருந்து அக்காவுக்கு அதே பேச்சு. "ஓரம் எப்படி மடியுது தெரியுமா தம்பி? எத்தனை நல்ல துணி வாங்கினாலும் அப்படி விழாது. அதை நேர்ல ஒரு தடவை பார்த்துடணும்டா" என்பாள். தனக்கென்று ஒன்று வேண்டும் என்று அவள் கேட்டு நான் அதிகம் கேட்டதில்லை. திருக்கைக்கு இரை கொடுப்பது ஒரு நாளைக்கு ஒரு முறைதான். நாங்கள் மறுநாள் காலையில் ஊருக்குக் கிளம்ப வேண்டும்.

"நேரா பெரிய தொட்டிக்குப் போயிடலாங்க" என்றாள் அக்கா, உள்ளே நுழைந்ததும்.

"வரிசையாப் பார்த்தாத்தான் புரியும்" என்றார் அத்தான். "தண்ணி எங்கேருந்து உள்ளே வருது, எங்கே வெளியே போகுதுன்னு தெரியாம மீனைப் பார்த்து என்ன பிரயோஜனம்?"

முதல் தொட்டியில் என்ன மீன் இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். வால்வு இடது மூலையில் இருந்தது. இரண்டாவது தொட்டியில் கண்ணாடியின் கனத்தைக் கணக்குப் பார்த்தோம். மூன்றாவதில் ஏதோ பச்சையாக ஒன்று எங்களை எட்டிப் பார்த்தது. அதைக் கவனிப்பதற்குள் வடிகட்டியின் பக்கம் திருப்பப்பட்டோம்.

காட்டுகிறவர் ஒருபோதும் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் போர்டைப் படிக்க மாட்டார். ஏன் என்று அக்கா கேட்டதற்கு, "போர்டு தெரியாதவங்களுக்கு வெச்சிருக்கு" என்று பதில் வந்தது. இவர் கேள்வியும் கேட்பார், ஆனால் பதிலுக்காக அல்ல. "இது ஏன் ஒரே பக்கமாச் சுத்துது, சொல்லு பார்க்கலாம்?" என்று கேட்டுவிட்டு, நமக்குத் தெரியாது என்பது நன்றாக ஊறும்வரை சும்மா இருப்பார். பிறகு பம்பைப் பற்றிச் சொல்வார். ஜெல்லி மீன் தொட்டியில், "இதுக்கு மூளையே கிடையாது தெரியுமா?" என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்ன விதம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

இன்னொன்று. குரல் எப்போதும் தேவைக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். வீட்டார் இரண்டு பேருக்காகவா இத்தனை தொண்டைத் தண்ணீர்? அக்கம்பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் போய்ச் சேர வேண்டாமா? சேர்ந்தது. நாலைந்து தொட்டி தாண்டுவதற்குள் ஒரு தொப்பிக்காரர், கையில் பையோடு ஒரு மாமி, புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி என்று ஒரு சிறு கூட்டம் எங்கள் பின்னால் வர ஆரம்பித்தது. தொப்பிக்காரர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். அப்படி ஒருவர் கிடைத்துவிட்டால் காட்டுகிறவருக்கு அன்றைக்குப் பசியே எடுக்காது.

இப்படியே போய் ஆக்டோபஸ் தொட்டிக்கு முன்னால் நின்றோம். மேலே வளைவில் 'ஆக்டோபஸ்' என்று பெரிதாக எழுதியிருந்தது. அந்த ஒன்றை மட்டும் படிக்காமல் இருக்க அத்தானாலும் முடியவில்லை. உள்ளே மணல், ஒரு பானை, ஒரு பெரிய கறுப்புக் கல். வேறொன்றும் தென்படவில்லை. அத்தான் பக்கவாட்டுச் சுவரில் வசதியாகத் தோளைச் சாய்த்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, விரலை நீட்டினார்.

"அதோ, அந்தக் கல்லுக்குப் பின்னால்!"

"எங்கேங்க?"

"கல்லைப் பார்க்காதே. கல்லுக்குப் பின்னாடி பாரு. கலர் மாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கு. ஒரு கால் மட்டும் வெளியே தெரியுது பாரு."

அக்கா குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலையேங்க."

"ஆமா ஆமா, அசையுது!" என்றார் தொப்பிக்காரர்.

"அடடா, எவ்வளவு பெருசு!" என்றாள் மாமி.

புது மாப்பிள்ளை தன் மனைவியிடம், "தெரியுதா? எனக்கு நல்லாத் தெரியுது" என்றான். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தெரிகிறது என்றாள். கல்யாணமாகி எத்தனை நாள் ஆகியிருக்கும், முதல் சண்டையை ஓர் ஆக்டோபஸுக்காகவா போடுவது? கூட்டம் பெருகியது. பின்னால் வந்தவர்கள் முன்னால் நிற்கிறவர்களைக் கேட்டார்கள். முன்னால் நின்றவர்கள் கல்லைக் காட்டினார்கள். என்னையும் ஒருவர் கேட்டார். நான் கல் இருக்கும் திசையில் பொதுவாகக் கையை நீட்டினேன்.

அப்போதுதான் ஒலிபெருக்கி சொன்னது: பெரிய தொட்டியில் திருக்கைகளுக்கு இரை கொடுப்பது இதோ தொடங்குகிறது, பார்க்க விரும்புகிறவர்கள் உடனே வரலாம்.

"கூப்பிட்டுட்டாங்க, வாங்க!" என்றாள் அக்கா.

"இரு. இது இப்ப வெளியே வரப்போகுது."

"அது வரலைங்க. வாங்க, முடிஞ்சுடும்."

"திருக்கை எங்கே ஓடிடப் போகுது? தொட்டிக்குள்ளதானே இருக்கு? இப்படி அபூர்வமா ஒண்ணைக் காட்டும்போது..."

அக்கா அவரைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். தோளில் இருந்த தண்ணீர் பாட்டில் பையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள். "அங்கே ஒண்ணுமே இல்லைங்க. நான் போறேன்" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போயே போய்விட்டாள்.

அத்தானுக்கு இது காதில் விழவில்லை. கூட்டத்துக்கு ஆக்டோபஸின் கால்களைப் பற்றி எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வப்போது இடது பக்கம் திரும்பாமலே "என்ன, கேட்டியா?" என்பார். அக்கா நின்ற இடத்தில் இப்போது மாமி நின்றாள். "கேட்டேன்" என்று அவளும் ஒவ்வொரு தடவையும் மரியாதையாகப் பதில் சொன்னாள்.

தொட்டியின் மேலிருந்து ஒரு நீளக் குச்சி பிரஷ்ஷோடு இறங்கியது. இறங்கிக் கல்லைத் தேய்க்கத் தொடங்கியது.

"அதுக்கு முதுகு தேய்ச்சு விடறாங்க" என்றார் அத்தான்.

"பழகின ஜீவன்" என்றார் தொப்பிக்காரர்.

குச்சி மேலே போனது. அதற்குப் பதிலாக, தோள்வரை ரப்பர் உறை போட்ட ஒரு கை இறங்கியது. அந்தக் கை கல்லை அப்படியே இறுகப் பற்றித் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டது.

கல்லுக்குப் பின்னால் மணல் இருந்தது.

தொட்டிக்குள் ஒரே ஒரு காற்றுக் குமிழி மேலே போனது. கடைசியில் தொப்பிக்காரர்தான் சபையைக் காப்பாற்றினார். "கல்லைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு அதோடவே போயிடுச்சு போல" என்றார். எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள். பார்த்தேன் என்று சொன்ன பிறகு வேறு எதை ஒப்புக்கொள்வது? அத்தான் சுவரிலிருந்து தோளை எடுத்தார். அவர் அதுவரை சாய்ந்திருந்தது சுவர் அல்ல, போர்டு. தொட்டியைச் சுத்தம் செய்வதாகவும், ஆக்டோபஸ் வேறு இடத்தில் வைக்கப்பட்டிருப்பதாகவும், சிரமத்துக்கு வருந்துவதாகவும் அதில் எழுதியிருந்தது. தொப்பிக்காரர் அதை ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு, "போர்டைத் தப்பா மாட்டியிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

அத்தான் இடது பக்கம் திரும்பினார். மாமி சிரித்தாள்.

"எங்கே மாப்ளே உங்க அக்கா?"

"அப்பவே போயிட்டா, அத்தான். திருக்கை பார்க்க."

அவர் முகம் அந்த இருட்டிலும் மாறியது எனக்குத் தெரிந்தது. "தனியாவா?" என்றார். பிறகு நடக்க ஆரம்பித்தார். நடை இரண்டே அடியில் ஓட்டமானது. வழியில் இருந்த அத்தனை தொட்டிகளையும் ஒரு வார்த்தை பேசாமல் கடந்தார். சுறா ஒன்று எங்கள் கூடவே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்தது. அதைக்கூட அவர் யாருக்கும் காட்டவில்லை. தண்ணீர் பாட்டில் என் நெஞ்சில் இடிக்க இடிக்க நானும் பின்னால் ஓடினேன். அக்கா தனக்கென்று அபூர்வமாக ஒன்று கேட்டு, அதையும் ஒரு கல்லுக்காக இழந்துவிட்டாளோ?

பெரிய தொட்டிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, முக்குளித்தவர் காலிக் கூடையோடு ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். கூட்டம் எழுந்து கலைந்துகொண்டிருந்தது. அக்கா மட்டும் கண்ணாடியை ஒட்டித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தலை அண்ணாந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் பிறந்ததிலிருந்து பார்த்த முகம்தான். இத்தனை நிம்மதியாக நான் அதைப் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வரும்போல இருந்தது, சந்தோஷத்தில்தான்.

அத்தான் மூச்சு வாங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முடிஞ்சுடுச்சா?"

"முடிஞ்சுது."

"பார்த்தியா?"

"பார்த்தேன்."

பதில் தெரியாத கேள்வியை அத்தான் அதற்கு முன் யாரிடமும் கேட்டதில்லை. இப்போது கேட்டார். "எப்படி இருந்துது?"

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். சொல்ல வார்த்தை தேடினாள். தேடியவள் கையைத் தூக்கினாள், விரலை நீட்டினாள்.

"அதோ பாருங்க, அந்த மூலை தெரியுதா? அங்கேருந்துதான் முதல்ல வந்துது. அந்த மூலை இல்லீங்க, அதுக்கு அந்தப் பக்கம். நான் காட்டற இடத்தைப் பாருங்க. அப்படியே சாஞ்சு..."

"அது தண்ணி அழுத்தத்தாலே..."

"நடுவுல பேசாதீங்க. சொல்றதைக் கேளுங்க."

அத்தான் கேட்டார். வெளியே வரும்வரை கேட்டார், பஸ்ஸில் கேட்டார், மறுநாள் ரயிலில் ஊர் வந்து சேரும்வரை கேட்டார். நானும்தான் கேட்டேன்; எனக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தும் வெளியே ஒன்றும் பார்க்கவில்லை. இப்போது அக்காவின் கடைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தவர்கள் திருக்கையைக் கேட்காமல் ரவிக்கையை வாங்க முடிவதில்லை. கட்டில் அகலம் இருந்த மீன், போன வாரக் கணக்குப்படி கடை அகலம் ஆகிவிட்டது. "உங்களுக்குத் தெரியலை, மனசுக்குள்ள பாருங்க, இதோ இந்தத் துணி மாதிரி" என்று அவள் முழத் துணியை வீசிக் காட்ட, அளவு கொடுக்க வந்தவர்கள் ஆமாம் ஆமாம், தெரிகிறது என்கிறார்கள். அத்தான் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து, அக்கா மூச்சு விடும் இடத்தில் மட்டும் கண்ணாடியின் கனத்தைச் சொல்லிக்கொள்கிறார்.

ஆக, இது பிறவிக் குணம் அல்ல, தொற்றுகிற சமாசாரம். நல்லதாக ஒன்றைப் பார்த்துவிட்டால் போதும், பிடித்துக்கொள்கிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நமக்கென்ன, நாம் சும்மா பார்க்கிற இனம் என்று நினைக்கிறீர்கள். அப்படியே இருக்கட்டும். ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்துவையுங்கள். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டு, "இதைக் கேளேன், அப்படியே உங்க மாமா மாதிரி இருக்கு" என்று ஒரு பத்தியை உரக்கப் படித்துக் காட்டினீர்களா, இல்லையா? காட்டியிருந்தால் தப்பில்லை. அவர் அந்த நிமிஷம் தன் பாட்டுக்கு எதையோ ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அது என்னவென்று கவனித்தீர்களா?