வர்க்கமூலத்தைக் காணோம்

"வர்க்கமூலத்தைக் காணோமாம், டொம்!" க்ளிஃப் ஹேவர்கேம்ப் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"நாப்பது வருஷமா உனக்கு இதே பல்லவிதானா?" என்றார் டொம் பெட்ருச்சி, அந்தக் காலத்து ஆபீஸ் சிநேகிதர்.

ஆறு மணிக்கு விருந்து. க்ளிஃபுக்கும் ரோஸலிண்டுக்கும் நாற்பதாவது கல்யாண நாள். 1981-ல், நியூ ஜெர்சி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபோது, அவளுக்காக க்ளிஃப் சி மொழியில் ஒரு நிரல் எழுதினார். ஓட்டினால் நட்சத்திரக் குறிகளால் ஓர் இதயம் அச்சாகும். அதைப் பார்த்துத்தான் அவள் கல்யாணத்துக்குச் சம்மதித்தாள். இன்று எல்லார் முன்னாலும் அதையே அச்சடித்து நீட்ட வேண்டுமென்று மனிதருக்குக் கொள்ளை ஆசை. டொம் பழுதுபார்த்துக் கொடுத்த கிழட்டுக் கணினியைக் கராஜில் வைத்து, க்ளிஃப் தன் பழைய டேப்பை அதில் ஏற்றியிருந்தார்.

ஆனால் நிரல் மட்டும் இருந்தால் ஓடாது. இதயத்தின் வளைவுக்கு வேண்டிய வர்க்கமூலம் மாதிரியான கணக்குகள் லைப்ரரி என்ற தொகுப்பில் தயாராக இருக்கும்; க்ளிஃபின் லைப்ரரியும் அதே டேப்பில்தான் இருந்தது. அவற்றை எடுத்து நிரலோடு இணைக்க வேண்டும். அதற்குப் பெயர் லிங்க்; அங்கேதான் கணினி முரண்டு பிடித்தது.

"லைப்ரரி பேரைக் கடைசியில போடுடா. முன்னாடி போட்டா அது கண்டுக்காது," என்றார் டொம்.

போட்டார். காணோம்.

"இந்த மெஷின்ல வேற லைப்ரரி கெடக்கே, அதைச் சேரு."

சேர்த்தார். ஒன்றைக் காணோம் என்ற கணினி இப்போது பதினேழைக் காணோம் என்றது.

"நகரு, வர்க்கமூலத்த நானே எழுதறேன்!" டொம் எழுதினார். லிங்க் ஆயிற்று! அச்சடித்தார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகி, இதயத்துக்குப் பதிலாகக் கத்திரிக்காய் வந்தது.

மணி ஐந்தே முக்கால். க்ளிஃபுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்பல்லாம் இந்தப் பிழை வந்தா மூணாவது மாடிக்கு ஓடுவேன். லைப்ரரியெல்லாம் ரோஸ் பொறுப்பு. கூடவே இறங்கி வந்து, என் நாற்காலியில உக்காந்து நாலு தட்டு தட்டுவா, சரியாயிடும். நன்றிக்கு ஒரு காபி. வாரத்துக்கு மூணு காபி! என்ன நாளுடா அதெல்லாம்!"

"இன்னிக்கு உன் டேப்புதான் சதி பண்ணிடுச்சு."

கேக் வெட்டும் கத்தியோடு ரோஸலிண்ட் எட்டிப் பார்த்தாள். கத்திரிக்காயைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிரிக்காத ரோஸ், டேப்பு கெட்டுப்போச்சு," என்றார் டொம்.

"டேப்புக்கு ஒண்ணும் ஆகல, பதியும்போதே அதுல வர்க்கமூலம் இல்ல. இந்த மனுஷன் மாடியேறி என்னைத் தேடி வரட்டும்னு, இவரோட லைப்ரரியிலேர்ந்து வாரத்துக்கு மூணு தடவை அதை உருவினதே நான்தான்."