பொலிஸுக்குத் திறக்காத கலியாண வான்

கைத்தொலைபேசியில் நாலு வீடியோ பார்த்துவிட்டுச் சட்டம் பேசுபவனை வீட்டில் ஒரு வேலைக்கும் அனுப்பக் கூடாது. நான் அப்படிப்பட்ட சட்டமேதை. (அந்த நாலில் மூன்று அமெரிக்கச் சட்டம் பற்றியவை.)

அண்ணனின் கலியாணம் நிலாவெளிக் கோயிலில். எல்லாரும் முன்னால் போய்விட்டார்கள். கூறைச் சேலையும் தாலியும் வைத்த தட்டத்தை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். மிஞ்சியிருந்த வானை ஓட்ட வேறு ஆள் இல்லாததுதான் காரணம்; என் திறமையை மதித்துத் தந்ததாக நினைத்துக்கொண்டேன்.

திருகோணமலைத் துறைமுக வாசலருகே வானை நிறுத்திவிட்டு, மாலை வாங்கிக்கொண்டு திரும்பினேன். வான் பக்கத்தில் ஒரு பொலிஸ் சார்ஜன்ட் நின்றார்.

"தம்பி, கதவைத் திறவுங்கோ. ஒருக்காப் பாப்பம்."

திறந்து காட்டியிருந்தால் அரை நிமிட வேலை. ஆனால் நாட்டில் சட்டத்தைப் பிறகு யார் காப்பாற்றுவது?

"ஏலாது. நிப்பாட்டின வானைச் சும்மா சோதிக்க உங்களுக்கு உரிமையில்லை. நீதிமன்ற உத்தரவு இருக்கோ? இல்லாட்டி, நியாயமான சந்தேகம் இருக்கோ?"

"சந்தேகமெல்லாம் இல்லைத் தம்பி. துறைமுகத்துக்குக் கிட்ட நிண்டா பாக்கிறதுதான்."

"அப்ப தொடக் கூடாது!"

பேச்சுக்கு ஓர் அழுத்தம் வேண்டாமா? பூட்டாமல் விட்டிருந்த ஒரே கதவைத் திறந்து, உள்பூட்டை அமுக்கிவிட்டு ஓங்கிச் சாத்தினேன். சார்ஜன்ட் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் வெற்றிவீரனாகச் சட்டைப்பைக்குள் கை விட்டேன். சாவி இல்லை. அது உள்ளே, ஸ்டியரிங் பக்கத்தில் தொங்கியது. இருக்கையில் தாலி.

அண்ணன் தொலைபேசியில் கத்தினார். "எங்கையடா நிக்கிறாய்? முகூர்த்தம் முடியப்போகுது!"

ஒரு கலியாணமே என்னால் நின்றுபோகப் போகிறது.

"சேர், இதை ஒருக்காத் திறந்து தாங்கோ."

"நானோ? எனக்குத்தான் உரிமையில்லையே."

"நான் அனுமதி தாறன் சேர்!"

"சத்தமாச் சொல்லுங்கோ. பூக்கடைக்காரருக்கும் கேக்கட்டும். பிறகு நீங்கள் வழக்குப் போட்டிடுவீங்கள்."

தன் வானைத் திறக்கச் சொல்லி நடுத்தெருவில் பொலிஸைக் கெஞ்சிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அவர் பூக்கடையில் ஒரு கம்பி வாங்கி, கண்ணாடி இடுக்கால் விட்டுப் பூட்டைத் தூக்கினார். அண்ணன் கத்தியது அவருக்கும் கேட்டிருந்தது போலும்; தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு கூடவே ஏறிக்கொண்டார்.

கோயிலடியில் வானை நிறுத்த இடமில்லை. நான் இடம் தேடிச் சுற்ற, அவர் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டுத் தட்டத்தோடு உள்ளே ஓடினார். நான் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது.

கலியாண அல்பத்தில் தாலி வருகிற படத்தில் காக்கி உடுப்போடு ஒருவர் நிற்கிறார். விருந்தாளிகள் யாரென்று கேட்டால், எனக்குத் தேத்தண்ணீரை நீட்டிக்கொண்டே அண்ணி சொல்லுவார்:

"இவர்தான் என்ர தாலியைக் கொண்டுவந்தவர். எங்கட சட்டத்தரணி இந்தப் படத்தில இல்லை. அவர் வெளியில வானுக்கு நியாயம் தேடிக்கொண்டு நிண்டவர்."