மூன்றாம் வகுப்பில் தூங்கியவர்கள்

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே எங்கள் தூளி டீச்சருக்கு நிகரான தொண்டை இன்னொருவருக்கு வாய்க்கவில்லை. முத்துப்பேட்டை பஸ்ஸிலிருந்து இறங்கி அவர் ஒரு குரல் கொடுத்தால், வாய்க்காலில் குளித்துக்கொண்டிருக்கும் பையன்கள் ஈரத் தலையோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடிவருவார்கள். மைக்செட் கட்டிக் கூட்டம் போட வருகிற கட்சிக்காரர்கள், டீச்சர் ஊருக்குக் கிளம்பிவிட்டாரா என்று விசாரித்துக்கொண்டுதான் மைக்கைக் கையில் எடுப்பார்கள். அப்பேர்ப்பட்ட பெண்மணி ஒரு நடவுக்காலம் முழுக்கக் கிசுகிசுத்தே பாடம் நடத்தினார். அதற்கு முதல் காரணம் என் தம்பி.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. பெயருக்குத்தான் மூன்றாம் வகுப்பு. நாற்றுப் பறிக்க ஆரம்பித்துவிட்டால் எங்கள் தெருப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அம்மாக்கள் வயலில் இறங்குவார்கள். வரப்போரத்துப் பூவரசு மரத்தில் பழைய சேலையைத் தூளியாகக் கட்டி, கைக்குழந்தையை அதில் போட்டு, ஆட்டுவதற்கு அக்காக்காரியை உட்கார வைப்பார்கள். அக்காவாகப் பிறந்தால் அதுதான் உத்தியோகம். அறுவடை முடிந்து திரும்பிப் போனால் பாடம் எங்கேயோ போயிருக்கும். வாத்தியார் கேட்கிற கேள்விக்கு முழிக்க வெட்கப்பட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிடுவோம். என் சித்தி நின்றது அப்படித்தான், பக்கத்து வீட்டுப் பெண்கள் நின்றதும் அப்படித்தான். அடுத்தது நான் என்று அம்மா முடிவே செய்திருந்தார்.

ஒருநாள் டீச்சர் ஒரு கையில் குடை, மறு கையில் செருப்புமாக வரப்பில் வந்து நின்றார். இவளை ஏன் அனுப்பவில்லை என்று அம்மாவைக் கேட்டார். முழங்கால் சேற்றில் நின்றபடி அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"இது வந்துட்டா பையன யாரு டீச்சர் பாக்குறது? நீங்களா வந்து பாப்பீங்க?"

நியாயமாக, இப்படிக் கேட்டால் எதிராளி வாயடைத்துப் போக வேண்டும். டீச்சர் குடையை மடக்கினார். "கொண்டாங்க" என்றார்.

தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு, தூளிச் சேலையைக் கழுத்தில் மாலைபோலச் சுற்றிக்கொண்டு, அவர் வரப்பில் நடந்துபோன காட்சியை நடவு நட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மூன்றாம் வகுப்பின் உத்தரத்தில் என் தம்பி தொங்கினான். மறுநாளே மற்ற அம்மாக்களும் பிள்ளையும் சேலையுமாக வந்துவிட்டார்கள். சீக்கிரத்தில் வகுப்பில் கரும்பலகையைப் பார்க்க வேண்டுமானால் குனிந்து, தூளிகளுக்கு அடிவழியாகத்தான் பார்க்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

குழந்தைகள் தூங்க வேண்டுமே. டீச்சர் தன் தொண்டைக்குத் தானே பூட்டுப் போட்டுக்கொண்டார். வாய்ப்பாடு கிசுகிசுப்பில் நடந்தது. நாங்கள் கிசுகிசுத்தோம். எழுந்து 'வணக்கம் டீச்சர்' சொல்வதும் கிசுகிசுப்பில்தான். வெளியிலிருந்து கேட்டால் பள்ளிக்கூடமே சேர்ந்து யாரையோ புறம் பேசுவது போலிருக்கும். என் சிலேட்டில் இருந்த கணக்கு அழிந்ததற்கு என் தம்பி மேலேயிருந்து பெய்த மூத்திரம்தான் காரணம் என்று நான் சொன்னபோது, டீச்சர் அண்ணாந்து பார்த்து, பொய்யில்லை என்று ஒப்புக்கொண்டார்.

தூளி ஆட்டுவதற்கு முறை வைத்தார். பையன்களுக்கும் முறை உண்டு. இதைக் கேட்டு அப்பாக்கள் சிலர் மீசையோடு வந்தார்கள். ஆம்பளைப் பிள்ளையைத் தூளி ஆட்ட விடலாமா என்பது அவர்கள் வழக்கு. இவன் படுத்திருந்த தூளியை யாரோ ஆட்டினார்கள் அல்லவா, அந்தக் கடனை அடைக்கட்டும் என்று டீச்சர் கிசுகிசுத்தார். பதிலுக்குக் கத்த வழியில்லாமல் அப்பாக்கள் திரும்பிப் போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கூலித் தகராறு முற்றியது. தெருவுக்கு ஒரு கழகக் கொடியும் வயலுக்கு ஒரு செங்கொடியும் பறந்துகொண்டிருந்த காலம். நடவு ஆளுக்கு இவ்வளவு கூலி தர வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டிருப்பதாக ரேடியோ சொல்லியது. எங்கள் ஊர் மிராசு வீட்டு ரேடியோவில் அந்தச் செய்தி மட்டும் கேட்கவில்லை போலிருக்கிறது. அம்மாக்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று கொடியோடு வரப்பில் உட்கார்ந்தார்கள். மிராசு, டிராக்டரில் வெளியூர்ப் பெண்களை ஏற்றிவந்து இறக்கினார். அவர்களும் கைக்குழந்தைக்காரிகள்தான். அதே பூவரசு மரத்தில் அவர்கள் தூளி கட்டினார்கள்.

டீச்சர் குடையும் செருப்புமாக மறுபடி வரப்புக்குப் போனார். வெளியூர்க் குழந்தைகளையும் அவற்றின் அக்காமார்களையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் தெருவே கொதித்தது. அம்மா நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

"நம்ம வயித்துல அடிக்க வந்தவங்க புள்ளைக்கு நம்ம பள்ளிக்கூடத்துல தூளியா டீச்சர்?"

"அதுக்கு இன்னும் பல்லே மொளைக்கலம்மா. அதுகிட்ட உங்களுக்கு என்ன சண்டை?" என்றார் டீச்சர், கிசுகிசுப்பாக.

குழந்தைகளுக்குப் பால் கொடுக்கிற நேரத்தில் வரப்பிலிருந்து இவர்களும் வயலிலிருந்து அவர்களும் வந்தாக வேண்டும். பள்ளிக்கூட வாசலில் இரண்டு கட்சியும் முதுகைக் காட்டிக்கொண்டு பால் கொடுத்தார்கள். மறுநாள் ஒரு வெளியூர்க் குழந்தை பால் குடிக்காமல் வீறிட்டது. அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து போய் வசம்பு சுட்டு உரைத்துக் கொண்டுவந்தார். வசம்புக்குப் பின்னால் வயிற்றுவலிப் பேச்சு, அதற்குப் பின்னால் மாமியார் பேச்சு, கடைசியில் கூலிப் பேச்சு வந்தது. உள்ளூரில் எல்லோருக்கும் காய்ச்சல், நட ஆளே இல்லை என்று சொல்லித்தான் அவர்களைக் கூட்டிவந்தார்களாம். அந்த வாரம் முடிவதற்குள் வெளியூர்ப் பெண்கள் குழந்தைகளை வாங்கிக்கொண்டு, டிராக்டருக்குக்கூடக் காத்திருக்காமல் நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

மிராசு, தஞ்சாவூர் போய்ப் படிப்பு ஆபீசரை ஜீப்போடு கூட்டிவந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் தூளி கட்டக் கூடாது என்று உத்தரவு வாங்காமல் விடுவதில்லை என்று டீக்கடையில் சபதம் செய்தாராம். தூளி இறங்கினால் தம்பியோடு நானும் இறங்க வேண்டியதுதான்.

மிராசு வாசற்படியில் நின்று, "இது என்ன பள்ளிக்கூடமா, இல்ல" என்று ஆரம்பித்தார். ஒரு தூளி அசைந்தது. வகுப்பு முழுதும் அவரைத் திரும்பிப் பார்த்து, "உஷ்" என்றது.

எங்கள் தெருவுக்கு வந்து ஒருநாளும் குரலைத் தாழ்த்தி அறியாத மனிதர். எங்கள் அப்பாவை, தாத்தாவை எல்லாம் அவர் அதட்டித்தான் கூப்பிடுவார். அவர் உள்ளே எட்டிப் பார்த்து, தொண்டையை மெதுவாகச் செருமி, "எல்லாத்துக்கும் இந்தத் தூளிதான் சார் காரணம்" என்று ஆபீசர் காதில் கிசுகிசுத்தார். என் தம்பி தூங்குவதற்காக மிராசு மெதுவாகப் பேசினார். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

கிசுகிசுப்பில் புகார் சொன்னால் அதில் காரமே இருக்காது போலிருக்கிறது. ஆபீசர் குனிந்து தூளிகளுக்கு நடுவே ஒரு சுற்று வந்தார். வரிசையாக உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தார். நடவு சமயத்தில் இத்தனை பெண்பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கூடத்திலும் பார்த்ததில்லை என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். என் தம்பியின் தூளியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"முடிச்சு மட்டும் பாத்து போடுங்க டீச்சர்" என்று கிசுகிசுத்துவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். மிராசு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுனிக்காலில் வெளியே போனார். அப்புறம் கூலி பேசி முடிந்து, எங்கள் அம்மாக்கள் வயலில் இறங்கினார்கள்.

அன்று ஜீப் போனதும் இடைவேளை விட்டார்கள். நான் பழக்கதோஷத்தில் தம்பியைத் தூக்கி இடுப்பில் வைக்கப் போனேன். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவன்தான் தூங்குறான்ல. நீ போயி விளையாடுடி."

எனக்குப் புரியவில்லை, நின்றேன். அவர் இன்னொரு தரம் சொன்னார். தண்ணீர் எடு, சாணி பொறுக்கு, தம்பியைப் பார் என்று சொல்ல ஊரில் ஆள் நிறைய இருந்தது. என்னை விளையாடச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அந்த மனுஷியை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.