தேவகனியின் கட்டிலைக் கழற்றிய விவரம்

மதிப்பிற்குரிய மச்சான் செல்லக்கனி அவர்களுக்கு,

அருமனையிலிருந்து ஜெயசிங் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கு யாவரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் யாவரும் என்று சொல்ல நானும் மகன் ஜெரிஷும்தான் இருக்கிறோம். சுகமும் இல்லை. மழையும் விட்டபாடில்லை.

தங்கள் தங்கை தேவகனி கோபித்துக்கொண்டு குளச்சலுக்குத் தங்கள் வீட்டுக்கு வந்த காரணம் தாங்கள் அறிந்ததே. "நீ இல்லேன்னாலும் இந்த வீடு ஓடும்" என்று ஒரு வார்த்தை சொன்னேன். சொன்னபிறகு ஓட்டிக்காட்ட வேண்டாமா? அப்போது பார்த்து, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை செய்யும் ஜெரிஷ் போனில் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தான். பெரிய மெஷின்களில் பிராசசர் பல உண்டாம். மெஷின் ஓடும்போதே ஒன்றைக் கழற்றலாம், பிறகு மாட்டலாமாம். ஒன்று போனால் அதன் வேலையை மற்றவற்றுக்குப் பிரித்துக் கொடுத்து, அது இருந்த இடத்தைத் துடைத்துக் காலி பண்ண, கெர்னல் என்ற காரியஸ்தனுக்குள் நீளமாக ஒரு புரோகிராம் உண்டாம். இவ்வளவுதான் கேட்டேன், மீதியைக் கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

அன்றைக்கே கோழிகளை அடுத்த வீட்டு சுஜியிடம் ஒப்படைத்தேன். அவள் பொறுப்பில் இருந்த பெண்கள் சங்கத்துச் சாவியைப் போதகரம்மாவிடம் கொடுத்தேன். சமையலை நான் எடுத்தேன். புட்டு அவித்தால் கல், மரச்சீனிக் கிழங்கு அவித்தால் கஞ்சி. அவள் சேலைகளை அட்டைப்பெட்டியில் அடைத்து, கட்டிலைக் கழற்றி ரப்பர் ஷீட்டு போடுற கொட்டகைப் புரையில கொண்டு போட்டேன். மச்சான், சாப்பிட உக்காந்தா எதிர்ல ஆளில்ல. படுத்தா அந்தப் பக்கம் வெறுந்தரை. குறட்டை விடாதேயும்னு திட்ட ஆளில்லாம உறக்கமே வரல்ல.

ஜெரிஷ்கிட்ட சொன்னா தலையில கைய வச்சிட்டான். "எப்பா, நீங்க செய்தது முழுக்க நான் வேண்டாம்னு எடுத்துக் களைஞ்ச புரோகிராமாக்கும்! போனது திரும்பி வரும்லா? வேலைய மட்டும் மாத்திக் குடுத்தா போரும், இடத்த அப்படியே போட்டிரணும். அத அழிச்சு அழிச்சு உண்டாக்கித்தான் மெஷினு முட்டி நின்னுது." இதை முதல்லயே என்கிட்ட சொல்லித் தொலைக்கப்பிடாதா?

புரையில மழைத்தண்ணி ஏறி கட்டில் பலகை வீங்கிப்போச்சு, பொருந்தமாட்டேங்குது. அது பொருந்துற வரைக்கும் அவள அங்கேயே வச்சிருங்க மச்சான். அதுக்குப் பிறகு ஒரு நாள்கூட வச்சிராதீங்க. அவ இல்லாம என்னால முடியல்ல.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸ்தோத்திரம். தங்கள் வீட்டிலாவது சமாதானம் தங்குவதாக.

இப்படிக்கு,
ஜெயசிங்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் தேவகனியே வந்திறங்கிவிட்டாள். கோழிகளைப் பார்க்க வந்தாளாம். "எனக்க கட்டிலு எங்க?" என்று ஒரே கேள்வி. புரைப் பக்கம் கையைக் காட்டினேன். அட்டைப்பெட்டியிலிருந்து தன் சேலைகளை எடுத்து அலமாரியில் வைத்தாள். அலமாரியிலிருந்து என் வேட்டிகளை எடுத்து அதே பெட்டியில் வைத்தாள். ஆகையால் மேலே எழுதியதைத் தள்ளிவிடவும். இந்தக் கடிதத்தை நாளை நானே பெட்டியும் கையுமாகக் கொண்டுவருகிறேன். அங்கே அவள் படுத்த கட்டிலைத் தயவுசெய்து கழற்ற வேண்டாம்.