கூச்ச சுபாவிகளின் வாசகர் வட்டம்

பயிற்சி அலுவலர் போன் செய்து வாழ்த்துச் சொன்னபோது நூலகர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். மரியாதைக்காக இல்லை. உட்கார்ந்துகொண்டு அந்த வாழ்த்தைக் கேட்க அவருக்கே வெட்கமாக இருந்தது.

"உங்க வாசகர் வட்டம் பத்திச் செய்திமடல்ல பார்த்தேன் சார். வாரா வாரம் பன்னிரண்டு பேர் சுத்தி உட்கார்ந்து ஒரே நாவலைச் சத்தமாப் படிச்சு விவாதம் பண்றாங்கன்னா, சாதாரண விஷயமா?"

"சாதாரண விஷயம் இல்லைங்க மேடம்," என்றார் நூலகர். அது மட்டும் உண்மை. அப்படி ஒரு வட்டமே கிடையாது. அந்த நூலகத்தில் வட்டமாக இருந்தது சுவர்க் கடிகாரம் ஒன்றுதான், அதுவும் ஓடவில்லை.

நடந்தது இதுதான். மண்டல அலுவலகம் சின்ன நூலகங்களுக்கென்று மாதம் ஒரு செய்திமடல் அனுப்பும். முன்பக்கம் முழுக்கப் பயிற்சி வகுப்புகள்: கிழிந்த புத்தகத்தைப் பைண்டிங் செய்வது, கணினியில் பட்டியல் போடுவது, குழந்தைகளுக்குக் கதை சொல்வது. ஒவ்வொன்றின் கீழும் 'இடம் நிறைந்தது' என்று தவறாமல் போட்டிருக்கும். பின்பக்கம் கிளைச் செய்திகள். ஒரு கிளையில் ஓவியப் போட்டி, இன்னொன்றில் முதியோருக்கான வாசிப்பு. நம் நூலகரின் கிளைக்கு நேராக மட்டும் மாதா மாதம் 'செய்தி இல்லை'.

பயிற்சிக்குப் போக அவருக்கும் ஆசைதான். ஆனால் காலையில் கதவைத் திறப்பது, பெருக்குவது, பத்திரிகையை மேசையில் பரப்புவது, புத்தகம் கொடுப்பது, வாங்குவது, சாயங்காலம் பூட்டுவது எல்லாம் அவர் ஒருவர்தான். நூலகத்தை யார் தலையில் கட்டிவிட்டுக் கிளம்புவது? மற்ற கிளைகளிலும் ஒற்றை ஆள்தான் என்று கேள்வி. அவர்கள் மட்டும் எப்படியோ சமாளித்து வகுப்புக்கு வகுப்பு போய் நிறைத்துவிடுகிறார்களே என்று நினைக்கும்போதெல்லாம், தான் ஒரு கையாலாகாதவன் என்ற முடிவுக்குத்தான் அவரால் வர முடிந்தது.

செய்திமடலை அவருக்கு முன்னால் மனைவி படித்துவிடுவாள். ரிசல்ட் பார்ப்பதுபோல நேராகப் பின்பக்கத்துக்குப் போவாள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்து வைப்பாள். அவள் ஏதாவது சொல்லித் தொலைத்திருந்தால்கூடத் தேவலை. ஒருநாள் சொல்லியும்விட்டாள்.

"என்னங்க, மாசா மாசம் செய்தி இல்லைன்னே வருதே. நீங்க அங்கதானே போறீங்க?"

அன்றைக்குத்தான் நூலகர் அந்த இரண்டு வரியை எழுதி அனுப்பினார். வாராந்திர வாசகர் வட்டம், பன்னிரண்டு பேர், ஒரே நாவல், காரசாரமான விவாதம். காரசாரம் என்ற வார்த்தை வேண்டாமே என்று ஒரு கணம் தோன்றியது. பொய்யில் எதற்குக் கஞ்சத்தனம் என்று விட்டுவிட்டார்.

அது அச்சில் வந்ததும் மனைவி அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து டிவிக்குப் பக்கத்தில் மாட்டினாள். வட்டத்துக்குப் பெரிய மனிதர்கள் வருவார்களே என்று தினமும் அவருக்குச் சட்டை இஸ்திரி போட்டுத் தந்தாள். கல்யாணமான புதிதில்கூட அவர் அப்படி ஒரு மடிப்போடு வேலைக்குப் போனதில்லை. ஒவ்வொரு நாளும் சட்டையை மாட்டும்போது அந்த மடிப்பு அவரைக் குத்தியது. வீட்டில் டிவி இருந்த பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டார்.

இப்போது போனில் பயிற்சி அலுவலர் அடுத்த குண்டைப் போட்டார். மற்ற கிளை நூலகர்களை ஒரு வேனில் அழைத்து வருவாராம். வட்டம் நடப்பதை அவர்கள் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்வார்களாம். அதற்குக் களப்பயிற்சி என்று பெயராம்.

"அது வந்துங்க மேடம், எங்க வாசகர்கள் எல்லாம் ரொம்பக் கூச்ச சுபாவம். வெளி ஆளைப் பார்த்தா வாயே திறக்க மாட்டாங்க."

"கூச்ச சுபாவமா? அவங்களையா சார் விவாதம் பண்ண வெச்சிருக்கீங்க? அப்ப இதையே தலைப்பா வெச்சுடலாம்."

அடுத்த செய்திமடலின் முன்பக்கத்தில், 'கூச்ச சுபாவமுள்ள வாசகர்களை வரவழைப்பது எப்படி? ஒரு களப்பயிற்சி' என்று கொட்டை எழுத்தில் வந்தது. கீழே வழக்கம்போல 'இடம் நிறைந்தது'.

நூலகர் பதறிப்போய்த் தானே போன் போட்டார். கூரை ஒழுகுகிறது, இப்போதைக்கு யாரும் வர வேண்டாம் என்றார். ஒழுகுகிற கூரையின் கீழும் வட்டத்தை விடாமல் நடத்துகிறீர்களா என்று அலுவலர் நெகிழ்ந்துபோய், அப்படியென்றால் கட்டாயம் வந்து பார்க்க வேண்டும் என்றார். அதுவும் பின்பக்கத்தில் செய்தியாக வந்தது. மனைவி அதையும் லேமினேட் செய்தாள்.

இனிமேல் பொய்யை நிஜமாக்குவதுதான் வழி என்று நூலகர் ஒரு உண்மையான வட்டத்தைக் கூட்டிப் பார்த்தார். வாசலில் அறிவிப்பு ஒட்டினார். பக்கத்து மருந்துக்கடைக்கு வந்தவர்களிடமும் டயர் கடைக்கு வந்தவர்களிடமும் சொல்லிப் பார்த்தார். குறித்த நாளில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரும் வட்டத்துக்கு வந்தவர் இல்லை, தினமும் மின்விசிறிக்குக் கீழே பத்திரிகையை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறவர். நூலகர் எதிரில் உட்கார்ந்து நாவலைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். தூங்கியவர் விழித்து, நாலு வரி கேட்டு, நூலகத்தில் அமைதி காக்க வேண்டும் என்ற பலகையைக் கையால் சுட்டிக்காட்டிவிட்டு எழுந்து போனார். அதற்கப்புறம் வரவேயில்லை. இருந்த ஒரு வாசகரும் போயாயிற்று.

வேறு வழியில்லாமல், செல்போன் கடை வைத்திருந்த மச்சானிடம் போய் நின்றார். மனைவியின் தம்பி. அக்காவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நூலகரின் காது சூடாகிவிட்டது. மச்சான் சிரிக்கக்கூட இல்லை. அதுதான் இன்னும் அவமானமாக இருந்தது.

"இவ்வளவுதானே மாமா, விடுங்க. நம்ம கடைத்தெருவுல ஆளா இல்லை? பன்னிரண்டு பேரைக் கொண்டுவந்து உட்கார வெக்கிறது என் பொறுப்பு. என்ன நாவல், அதை மட்டும் சொல்லுங்க."

அங்கேதான் இடித்தது. சின்ன நூலகத்தில் எந்தப் புத்தகமும் ஒரு பிரதிக்கு மேல் இருக்காது. பன்னிரண்டு பேரும் ஒரே நாவலைப் படிக்கிறார்கள் என்று எழுதியபோது எழுதியவர் நூலகர் என்பது நூலகருக்கே மறந்துபோயிருந்தது. கடைசியில், ஒரே தடிமனில் பன்னிரண்டு புத்தகங்களை அலமாரியிலிருந்து உருவி, எல்லாவற்றுக்கும் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டார். வெளியிலிருந்து பார்த்தால் பன்னிரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தன. உள்ளே ஒன்று கோழி வளர்ப்பு, ஒன்று வருமான வரி, ஒன்று யாரோ ஒரு மருத்துவர் எழுதிய மூட்டுவலிக் கையேடு. நாவல் ஒன்றே ஒன்றுதான், அது மச்சான் கையில்.

களப்பயிற்சி நாள் வந்தது. முடிதிருத்துகிறவர், தையல்காரர், முட்டைக் கடைக்காரர், சலவைக் கடைக்காரர் என்று மச்சானோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் தலை சீவிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். முகத்தைப் புத்தகத்தால் மறைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் கூச்சம் என்று நான் சொல்லிக்கொள்கிறேன் என்று நூலகர் அவர்களுக்குச் சொல்லிவைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து, கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல உடுத்திக்கொண்டு மனைவி உள்ளே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. புருஷனுடைய வட்டத்தைப் பார்க்க யார் கூப்பிட வேண்டும்?

வந்தவள் வட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். தம்பியும் அதில் இருந்தது அவளுக்குப் பெருமையாக இருந்தது. தையல்காரர் புத்தகத்தைக் கண்வரைக்கும் உயர்த்தினார்.

"நம்ம டெய்லர் மாதிரி இருக்குங்க. துணியைக் குடுத்து ரெண்டு மாசம் ஆச்சு, கேட்டா நேரமே இல்லைங்கிறாரு. இங்க வந்து படிச்சிட்டுதான் இருக்காரா?"

"படிப்புன்னா அவருக்கு உயிர்," என்றார் நூலகர்.

வேன் வந்தது. பயிற்சி அலுவலர் முன்னால் இறங்கினார். பின்னால் எட்டு நூலகர்கள் இறங்கினார்கள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கை முழுக்கக் காய்த்துப்போயிருந்த ஒரு பெரியவர் நேராகப் புத்தக அலமாரிக்குப் போய் அதை லேசாக ஆட்டிப் பார்த்து, "நட்டு கழண்டிருக்கு," என்றார். இன்னொருவர் அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒழுகியதற்கான அடையாளத்தைத் தேடுகிறார் என்று நூலகருக்குப் புரிந்துவிட்டது. ஒருவர் கையிலும் நோட்டு இல்லை, பேனா இல்லை. குறிப்பு எடுக்க வந்தவர்கள் இல்லை இவர்கள், குட்டை உடைக்க வந்தவர்கள் என்று அவருக்குத் தீர்மானமாகத் தெரிந்துவிட்டது.

பயிற்சி அலுவலரும் சரியாக இல்லை. நூலகரின் முகத்தையே அவர் பார்க்கவில்லை. சட்டுபுட்டென்று ஆரம்பித்துவிடலாம் என்று அவசரப்படுத்தினார். போட்டோ எடுக்கும்போதுகூட எட்டுப் பேரையும் முதுகுப் பக்கமிருந்தே எடுத்தார். எதிரில் வாசகர்கள் எல்லாம் வெறும் பழுப்பு அட்டைகளாகத் தெரிந்தார்கள். ஆக, அந்த போட்டோவில் ஒரு முகம்கூட விழவில்லை.

வட்டம் தொடங்கியது. மச்சான் நாவலிலிருந்து நாலு வரி ஜோராகப் படித்தான். கதாநாயகி ஜன்னலோரம் நின்று யாருக்காகவோ காத்திருக்கிறாள். அவளைப் பற்றி உங்கள் கருத்து என்ன என்று அலுவலர் கேட்டார். முடிதிருத்துகிறவர் பயந்துபோய்த் தன் புத்தகத்தில் பதில் தேடினார்.

"கழுத்தைத் தொங்கப் போட்டுட்டு ஒரு மூலையில நின்னா, உடனே மத்ததுங்ககிட்டேருந்து பிரிச்சு வெச்சுடணும்," என்று படித்தார்.

"பிரிச்சு வெச்சாலும் முப்பது நாளைக்குள்ள மேல்முறையீடு பண்ணிக்கலாம்," என்றார் தையல்காரர். வரி விஷயத்தில் அவருக்கு ஒரு நம்பிக்கை வந்திருந்தது.

"சுடுதண்ணி ஒத்தடம் குடுத்தா சரியாப் போயிடும்," என்று முட்டைக் கடைக்காரர் முடித்து வைத்தார்.

நூலகர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூமி பிளந்து தன்னை விழுங்கிக்கொள்ளும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். பூமி அதற்கெல்லாம் தயாராக இல்லை. வந்திருந்த எட்டுப் பேரில் ஒருவர்கூடச் சிரிக்காமல் தலையை ஆட்டியதுதான் அவரால் தாங்க முடியவில்லை. தெரிந்தும் தெரியாததுபோல இருக்கிறார்கள். எவ்வளவு நாகரிகமான மனிதர்கள், இவர்களையா ஏமாற்றினோம் என்று அவருக்குக் கண் கரித்தது.

அதோடு விட்டிருந்தால்கூடத் தப்பித்திருப்பார். அலுவலர், ஓரமாக உட்கார்ந்திருந்த மனைவியிடம், நீங்களும் இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார். அவள் எழுந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க. செய்தி இல்லை, செய்தி இல்லைன்னு வந்தப்போ நான் இவரை ஒரு வார்த்தை சொல்லிட்டேன். நீங்க அங்கதானே போறீங்கன்னு கேட்டுட்டேன். இவ்வளவையும் ஒத்தை ஆளா செஞ்சிட்டு, வாய் திறக்காம இருந்திருக்காரு. அதைக் கேட்டதுக்கு எனக்குத்தான் வெட்கமா இருக்கு."

நூலகரால் அதற்குமேல் முடியவில்லை. அவருடைய வெட்கத்தைக்கூட அவள் எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டாளே. இஸ்திரி மடிப்பு கலையாத சட்டைக்குள் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. எழுந்து நின்றார்.

"மேடம், எல்லாரும் என்னை மன்னிக்கணும். இங்க வட்டமும் இல்லை, ஒண்ணும் இல்லை. அது என் மச்சான். மத்தவங்க எல்லாம் கடைத்தெரு. உள்ள இருக்கிறது கோழிப் புத்தகம். கூரைகூட ஒழுகலை. ரெண்டு வரி பொய் எழுதினேன், அது இவ்வளவு தூரம் வந்துடுச்சு. இந்த நூலகத்துல தினமும் ஒருத்தர் வந்து தூங்குவாரு. அவரையும் நான் எழுப்பி அனுப்பிட்டேன்."

தையல்காரர் மெதுவாகப் புத்தகத்தை இறக்கி, நூலகரின் மனைவியைப் பார்த்து ஒரு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். அவள் அவரைக் கவனிக்கவில்லை. புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைச் சந்திக்கப் பயந்து நூலகர் பயிற்சி அலுவலரைப் பார்த்தார். அலுவலர் கோபப்படுவார், செய்திமடலில் தன் பெயரைக் கிழித்துத் தொங்கவிடுவார் என்று எதிர்பார்த்தார். ஆனால் அந்த அம்மாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். நூலகரைப் பார்க்கவே இல்லை. தான் கூட்டிவந்த எட்டுப் பேரைத்தான் பயத்தோடு பார்த்தார்.

அலமாரியை ஆட்டிப் பார்த்த பெரியவர் தொண்டையைக் கனைத்தார்.

"அப்ப நாங்களும் கிளம்பலாமா மேடம்? ஒத்தை ஆள் நூலகத்தைப் பூட்டிட்டு எந்தப் பயிற்சிக்கும் எவரும் வர்றதில்லை, அதனால நூலகர்னு சொல்லி ஒரு மணி நேரம் உட்கார்ந்தாப் போதும்னு எங்களை வேன்ல ஏத்தினீங்க, அங்க எனக்குப் பட்டறையில ஒரு மோட்டார் பிரிச்சுப் போட்டபடி கிடக்கு."