நான் எங்கேயும் நிற்கவில்லை

சைக்கிள் பந்தயத்தில் தோற்றவனிடம் காரணத்துக்குப் பஞ்சமே இருக்காது. எதிர்க்காற்று என்பான், டயர் சரியில்லை என்பான், காலையில் தின்ற இட்லி மேல்கூடப் பழி போடுவான். ‘எனக்கு ஓட்டத் தெரியவில்லை’ என்று ஒருவனாவது சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. ஆனால் நான் தோற்ற காரணம் இருக்கிறதே, அது வேறு எந்தச் சைக்கிள்காரனுக்கும் வாய்த்திருக்காது. அந்த ஒரு விஷயத்தில் இன்றைக்கும் நான்தான் சாம்பியன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. திருவாரூர் பக்கம் சைக்கிள் பந்தயம் எங்கே நடந்தாலும் கோப்பை எங்கள் வீட்டு டிவிக்கு மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். (இடம் போதாமல் அம்மா பாதியைப் பரணில் ஏற்றிவிட்டாள். ஒன்றில் கடுகு கொட்டி வைத்திருந்தாள்.) யாராவது ‘சாம்பியன்’ என்று கூப்பிட்டால்தான் திரும்புவேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் காதில் விழாது. அவ்வளவு திமிர்.

அப்பா அரசுப் பேருந்தில் கண்டக்டர். என் கோப்பைகளை அவர் கிழிந்த நோட்டைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார். அந்தத் தை மாதம் ஒரு முடிவோடு வந்து உட்கார்ந்தார்.

“இதான் கடைசி. மாநில டீம்ல எடுத்தாங்கன்னா ஓட்டு. ஸ்போர்ட்ஸ் கோட்டால ஒரு வேல கெடைக்கும், நானும் வாய மூடிக்கிறேன். இல்லேன்னா சைக்கிள வித்துட்டு சிங்கப்பூருக்குக் கெளம்பு. ஒன் சித்தப்பன் கூப்புட்டுக்கிட்டே இருக்கான்.”

“என்னை எடுக்காம வேற யாரப்பா எடுப்பாங்க?” என்றேன். (இந்த வாக்கியத்தை அப்பா இன்றுவரை மறக்கவில்லை. என் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்.)

தேர்வு, டைம் ட்ரையல் முறையில். அதாவது கூட்டமாக ஓட்டுவது இல்லை. இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அனுப்புவார்கள். வெட்டாற்றங்கரைச் சாலையில் நேராகப் போய், கடைசியில் வைத்திருக்கும் சிவப்புக் கோனைச் சுற்றிக்கொண்டு அதே வழியில் திரும்பி வர வேண்டும். போட்டி கடிகாரத்தோடுதான். முந்தின நாட்களில் பருவம் தப்பி மழை கொட்டியிருந்தது. அன்றைக்கு மழை இல்லை, வெயிலும் இல்லை, வானம் மூடிக்கொண்டு ஜிலுஜிலுவென்று இருந்தது. சைக்கிள் ஓட்ட இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று சந்தோஷப்பட்டேன். மழையைப் பற்றி எனக்கிருந்த அறிவு அவ்வளவுதான்.

என்னைத் தயார் செய்தவர் இருதயராஜ் மாஸ்டர். ரிட்டயர் ஆன பி.டி. வாத்தியார். விசில் இல்லாமல் பேசத் தெரியாதவர். கிளம்பும்போது காதருகில் வந்து, “தலையக் குனி. எங்கயும் நிக்காத. எவனையும் பாக்காத” என்றார். பிறகு விசிலை ஊதினார்.

பறந்தேன். சத்தியமாகப் பறந்தேன். காலுக்கும் பெடலுக்கும் நடுவில் எண்ணெய் ஊற்றியதுபோல் இருந்தது. பாதி தூரத்தில் அம்மாவின் தூரத்து உறவுக்காரர்கள் இருக்கும் ஊர் வந்தது. குனிந்த தலையை ஒரு விநாடி தூக்கினேன். அதுதான் வினை.

சாலையோரம் கீற்றுப் பந்தல். வாசலில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக. அதில் ஆண்கள், தலையில் துண்டு, கன்னத்தில் கை. ஒருவரும் பேசவில்லை. ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் என்னவோ தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. ஐயய்யோ, எழவு வீடு!

பார்த்துக்கொண்டே தாண்டிவிட்டேன். ஆனால் அதற்கப்புறம் பெடல் கனத்துப் போயிற்று. எங்கள் அம்மாவுக்கு இந்த விஷயத்தில் ஒரே சட்டம்: “நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போயிடணும்.” தெரிந்த ஊரில் துக்க வீட்டைத் தாண்டிச் சைக்கிளில் சர்ரென்று போனேன் என்று தெரிந்தால் சோறு போடமாட்டாள். அதைவிட, யார் போனது என்பதே தெரியவில்லை. பெரியசாமி மாமாவா? அவருக்குத்தான் ரொம்ப நாளாக இழுத்துக்கொண்டிருந்தது. இல்லை, அந்த முறுக்கு விற்கிற அத்தையா? கோனைச் சுற்றும்போது என் மனசில் ஊரில் பாதிப் பேரைச் சாகடித்திருந்தேன்.

திரும்பி வரும்போது இறங்கிவிட்டேன்.

எங்கள் பக்கம் துக்கம் கேட்பது எப்படி என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வாய் திறந்து ஒன்றும் கேட்க வேண்டாம். ஆண்கள் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். போகிறவர் ஒவ்வொருவர் முன்னாலும் இரண்டு கையையும் நீட்ட வேண்டும், அவரும் நீட்டுவார், தொட்டுவிட்டு அடுத்தவரிடம் போக வேண்டும். வரிசை முடிந்ததும் ‘வரேன்’ என்று சொல்லக்கூடாது. திரும்பிப் பார்க்காமல் கிளம்பிவிட வேண்டும்.

நான் முறைப்படியே செய்தேன். தலையில் துண்டோடு துக்கம் கேட்கக்கூடாது என்பதால் ஹெல்மெட்டைக் கழற்றி ஒரு காலி நாற்காலியில் வைத்தேன். உடம்போடு ஒட்டிய ஆரஞ்சு நிற உடுப்பு, முதுகில் நம்பர், காலில் ரேஸ் ஷூ. (அதன் அடியில் பெடலில் மாட்டுகிற கட்டை இருக்கும், நடந்தால் குதிரை வருவதுபோல் டக் டக் என்று கேட்கும்.) அந்தக் கோலத்தில் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு முதல் ஆளிடம் கையை நீட்டினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்து ஆளைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். இரண்டாமவர் எழுந்தே நின்றுவிட்டார். துக்கத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை பாவம் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் இருந்தவர், அந்தக் கண்ணைத் துடைத்தவர், என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. “எல்லாம் போச்சு தம்பி” என்றார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. யாருக்காகக் கலங்குகிறேன் என்றே தெரியாமல் கலங்கினேன்.

ஏறி மிதித்தேன். பின்னால் ஒரே கூச்சல். அடக்கி வைத்த அழுகை இப்போதுதான் வெடித்திருக்கிறது என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. கூடாதல்லவா?

முடிவுக்கோட்டைத் தாண்டி வந்து கையை உயர்த்தினேன். கைதட்டலே இல்லை. மாஸ்டர் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார், காதில் வைத்துக் கேட்டார், மறுபடி பார்த்தார்.

“என்னடா ஆச்சு ஒனக்கு?”

“என்ன மாஸ்டர்? ரெக்கார்டா?”

“ரெக்கார்டுதான். இவ்ளோ மெதுவா இங்க எவனும் ஓட்டினதில்ல.”

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. மேசைக்குப் போய் எழுதியிருந்ததைப் பார்த்தேன். எனக்குக் கீழே ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அவன் வழியில் செயின் அறுந்து சைக்கிளைத் தோளில் போட்டு நடந்து வந்தவன்.

“கடிகாரம் கெட்டுப்போச்சு சார்!” என்று நடுவரிடம் கத்தினேன். கடிகாரம் நன்றாகத்தான் இருந்தது. “கோனை யாரோ தள்ளி வெச்சுட்டான் சார்!” கோன் வைத்த இடத்தில்தான் இருந்தது. காற்று எதிர்க்காற்று என்றேன். எல்லோருக்கும் அதே காற்றுதானே என்றார். என் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அது நிற்காமல் ஜோராகச் சுற்றியது. சிங்கப்பூர் விமானம் என் தலைக்கு மேல் வட்டமடிப்பதுபோல் இருந்தது.

மாஸ்டர் பொறுமையாகக் கேட்டார். “வழியில எங்கயாச்சும் நின்னியா?”

“இல்ல மாஸ்டர்.”

“ஒண்ணுக்கு, கிண்ணுக்கு?”

“எங்க அம்மா மேல சத்தியமா, எங்கயும் நிக்கல.”

நான் பொய் சொல்லவில்லை. இதைத்தான் இன்றைக்கும் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள். நிற்பது என்றால் டீ குடிக்க நிற்பது, அரட்டை அடிக்க நிற்பது. துக்கம் கேட்பதை எவனாவது நிற்பதில் சேர்ப்பானா? சாமிக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்ட நேரத்தை வேலை நேரத்தில் கழிப்பார்களா? என் மண்டையில் அது கணக்கிலேயே வரவில்லை.

மாஸ்டர் என்னையே உற்றுப் பார்த்தார். “சரி, ஹெல்மெட் எங்க?”

தலையைத் தடவினேன். வெறும் முடிதான் இருந்தது. ஹெல்மெட் இல்லாமல் வந்தால் ஆட்டத்திலேயே கிடையாது என்று நடுவர் பேனாவை எடுத்தார். அப்போது ஒரு மொபெட் டபடபவென்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர், என் கையை விடாமல் பிடித்திருந்த அதே ஆள். அவர் தலையில் என் ஹெல்மெட்.

“இந்தத் தம்பிதாங்க!” என்றார். “தொப்பிய வெச்சுட்டு வந்துருச்சு. தொப்பி, தொப்பின்னு எல்லாரும் கத்தறோம், திரும்பியே பாக்கல.”

மாஸ்டர் அவரிடம் மெதுவாக, “இவன் அங்க எதுக்குங்க வந்தான்?” என்றார்.

“துக்கம் கேக்க வந்துச்சுங்க. வரிசையா எல்லாருக்கும் கை குடுத்துச்சு.”

மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க விருப்பமில்லை. “நிக்கலேன்னியேடா!”

“நிக்கல மாஸ்டர். எறங்குனேன்” என்றேன். நடுவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

மாஸ்டர் நல்ல மனிதர். சாவு விஷயம் என்பதால் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “யாருங்க தவறிட்டது?” என்று கேட்டார்.

“யாரும் சாகலீங்களே” என்றார் அவர், திகைத்துப்போய். “அது நெல்லுக் கொள்முதல் நெலயம்ங்க. மழையில நெல்லு பூரா நனஞ்சு போச்சு. ஈரம் கொறையட்டும், காயவெச்சுக் கொண்டாங்கன்னாங்க. வெயில் எங்க வருது? தார்ப்பாயப் போட்டு மூடிட்டு வானத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தோம். இவரு வந்தாரு. மொதல்ல யாரோ ஆபீஸர்னு நெனச்சோம். ஒருவேள இப்பல்லாம் இந்த மாதிரி உடுப்புதான் போலன்னுட்டோம்.”

அங்கே சிரிக்காதவர்கள் இரண்டே பேர். நானும் அவரும். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு மாஸ்டரிடம் சொன்னார்: “சிரிக்காதீங்க சார். மூணு நாளா அந்த ரோட்டுல எத்தினி காரு போச்சு. எறங்கி என்னான்னு கேட்டது இந்தப் புள்ள ஒண்ணுதான்.”

எனக்கு அந்தச் சமயத்தில் அதெல்லாம் ஏறவில்லை. மாநில டீமும் போயிற்று, கோட்டாவும் போயிற்று, நெல்லுக்காக நான் அழுதேன் என்பது மட்டும் ஊர் பூராவும் மிச்சமிருந்தது. வீட்டுக்குப் போவதற்குள் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. (அவர் பஸ்ஸில் ஏறிய ஒருவர் டிக்கெட் வாங்கும் முன் இதைச் சொல்லியிருக்கிறார்.) அவர் திட்டவில்லை. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு என் முன்னால் இரண்டு கையையும் நீட்டினார். அம்மா மட்டும் என் கட்சி. “அது எழவு வீடாவே இருந்திருந்தா? எம்புள்ள செஞ்சது சரிதான்” என்றாள். சிங்கப்பூருக்குப் பெட்டி கட்டிக் கொடுத்ததும் அவள்தான்.

அங்கே இரண்டு வருஷம் வெல்டிங் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, மன்னார்குடியில் சைக்கிள் கடை போட்டேன். பெண் பார்க்கக் கிளம்பினோம். போன வீட்டில் பெண்ணின் அப்பா என்னைப் பார்த்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்தார். மொபெட்டில் ஹெல்மெட் கொண்டுவந்த கலியமூர்த்தி! நான் அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று யோசித்தேன்.

“நெல்லுக்கே கண் கலங்குன பய, பொண்ணக் கலங்க வுடமாட்டான்” என்று அவர் அங்கேயே முடிவைச் சொல்லிவிட்டார். வரிசையாக உட்கார்ந்திருந்த பங்காளிகளில் ஒருவர் குறும்பாக என்னிடம் கையை நீட்ட, அடுத்தவரும் நீட்ட, உள்ளேயிருந்து பெண்கள் ஓடி வந்து, “நல்ல காரியத்துல என்னங்க இது, கருமம்!” என்று சத்தம் போட்டார்கள். கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு கேட்டது. அது என் மனைவி. இன்னும் நிறுத்தவில்லை. பால் பொங்கி வழிந்தாலும் கரண்ட் போனாலும் என் பக்கம் கையை நீட்டுகிறாள்: “சாம்பியன், துக்கம் கேட்டுட்டுப் போங்க.” தாமதமாக வரும்போது ஏன் லேட் என்று கேட்டால் பிள்ளைகள்கூட, “நிக்கலப்பா, எறங்குனோம்” என்கின்றன.

போன தையிலும் அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. என் மாமனார் கலியமூர்த்தி போன் செய்தார். “மாப்ள, நனஞ்சிருச்சு” என்றார். கடையை அடைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். மெயின் ரோட்டிலேயே பந்தல், நாற்காலி, தார்ப்பாய். இந்த முறை யார் வீட்டுத் துக்கம் என்று எனக்குத் தெரியும். இறங்கி ஒவ்வொருவராகக் கை கொடுத்துக்கொண்டே போனேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசி நாற்காலியில் மாமா. என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“இன்னைக்கு டைம் என்ன மாப்ள?”

“ரெக்கார்டுதான் மாமா” என்றேன். வரிசை மொத்தமும் சிரித்துவிட்டது. ஒருவர் சிரித்துக்கொண்டே எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தார். நானும் உட்கார்ந்து அவர்களோடு வானத்தைப் பார்த்தேன்.